உப்புக்காற்று வீசும் ஊரில் பிரெய்ல் நோட்டேக்கர் வாங்குவது எப்படி?

பிரெய்ல் நோட்டேக்கர் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கட்டம்?" என்பதைத்தான், அதாவது ஒரு வரியில் எத்தனை பிரெய்ல் எழுத்துக்கு இடம் உண்டு என்பதை. அடுத்த கேள்வி விலை. தொண்டி, தேவிபட்டினம் தொடங்கி மண்டபம், பாம்பன், இராமேசுவரம் என்று சுற்றிக் கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில் இருந்துகொண்டு இப்படியொரு கருவியை வாங்குகிறவர், அந்த இரண்டு கேள்விகளையும் சற்றுத் தள்ளி வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கருவி தமிழை ஒழுங்காக எழுதுமா, எழுதியதைக் கண் தெரிந்தவரும் படிக்கும்படி மாற்றித் தருமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. பழுதானால் அது எந்த ஊருக்குப் போகும், எப்போது திரும்பும் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகு கட்டங்களை எண்ணிக்கொள்ளலாம்.

நோட்டேக்கர் என்பது பையில் போட்டுக்கொள்ளக்கூடிய பிரெய்ல் கணினி. பெர்கின்ஸ் தட்டச்சுப்பொறியில் உள்ளதுபோல் ஆறு புள்ளிகளுக்கு ஆறு விசைகளும், பெரும்பாலும் கூடுதலாக இரண்டும், இடைவெளிக்கு ஒன்றும் மேலே இருக்கும். கீழே ஒரே வரிசையில், ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் எழுத்துகளை உருவாக்கும் கட்டங்கள் இருக்கும். 1987-இல் அமெரிக்காவில் டீன் பிளேசி கொண்டுவந்த 'பிரெய்ல் அன் ஸ்பீக்' என்னும் கருவியில் இந்தக் கட்டங்கள் கிடையாது. பிரெய்லில் தட்டினால் குரலில் படித்துக் காட்டும், அவ்வளவுதான். இன்று விரலுக்கு எழுத்து கிடைப்பதே இந்தக் கருவியின் பயன், விலையில் பெரும்பங்கும் அந்தக் கட்டங்களுக்கே போகிறது.

சந்தைக்கு வந்தவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். ஹியூமன்வேர் நிறுவனத்தின் பிரெய்ல்நோட் டச் பிளஸ், ஹிம்ஸ் நிறுவனத்தின் பிரெய்ல்சென்ஸ் 6 ஆகியவை முழுமையான நோட்டேக்கர்கள். இவற்றின் உள்ளே ஆண்ட்ராய்டு ஓடுகிறது. மின்னஞ்சல், இணையம், ஆவணம், கணக்கு எல்லாவற்றையும் வேறு கருவியின் துணையின்றிச் செய்யலாம், விலையும் பல லட்சங்களில் இருக்கும். மற்றொரு குடும்பம், அடிப்படையில், ஃபோனிலோ கணினியிலோ உள்ளதைக் கட்டங்களில் காட்டும் பிரெய்ல் திரையாக இருந்துகொண்டு, குறிப்பெழுதவும் புத்தகம் வாசிக்கவும் சிறிய அளவில் சொந்த ஏற்பாடு வைத்திருப்பது. ஹியூமன்வேரின் பிரெய்லியன்ட் பி.ஐ. 20 எக்ஸ், ஆர்பிட் ரிசர்ச் நிறுவனத்தின் ஆர்பிட் ரீடர் 20, மும்பையைச் சேர்ந்த இன்னோவிஷனின் பிரெய்ல் மீ ஆகியவை இந்த வகை. இவை ஃபோனுடனோ கணினியுடனோ இணையும்போதுதான் முழு வலிமை பெறும்.

நம் பக்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது குடும்பமே போதும் என்பது என் கணிப்பு. ஆண்ட்ராய்டு ஃபோன் ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கிறது. ஃபோன் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் டாக்பேக்குடன் பழகியவர்களும் நிறையப் பேர். நோட்டேக்கருக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டோ, வாங்கிய நாளிலிருந்தே மூப்படையத் தொடங்கிவிடும். பிரெய்ல்நோட் டச் பிளஸ் ஓடுவது ஆண்ட்ராய்டு 8.1-இல், அது 2017-இல் வந்த பதிப்பு. பணம் அனுப்பும் செயலிகளும் வங்கிச் செயலிகளும் பழைய பதிப்புகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. கட்டங்களும் விசைகளும் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே உள்ளிருக்கும் மென்பொருள் காலாவதியாகிவிடுவது, இவ்வளவு பணம் போட்டவருக்குப் பெரிய இழப்பு. ஃபோன் பழசானால் ஃபோனை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பிரெய்ல் திரை அப்படியே இருக்கும். ஆனால் நாள் முழுவதும் ஆவணங்களோடு வேலை பார்க்கும் ஆசிரியர், வழக்கறிஞர், வங்கி அலுவலர் போன்றோருக்கு, ஃபோனையும் திரையையும் மாற்றி மாற்றிக் கையாளாமல் ஒரே கருவியில் எல்லாம் முடிவது பெரிய நிம்மதி. அவர்கள் முதல் குடும்பத்தைப் பார்ப்பதில் தவறில்லை.

என்ன எழுதப் போகிறீர்கள்?

கடைக்காரரிடம் போவதற்கு முன், ஒரு வாரத்தில் நீங்கள் உண்மையாகவே எழுதுவதும் வாசிப்பதும் என்னென்ன என்று வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். கட்டங்களின் எண்ணிக்கைக்கு விடை அங்கேதான் இருக்கிறது.

தமிழ் பிரெய்லில், உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றும், அகரம் ஏறியதைத் தவிர, இரண்டு கட்டங்களை எடுத்துக்கொள்கிறது. புள்ளி வைத்த மெய்யும் அப்படியே. நான்காம் புள்ளி முன்னே வந்து, மெய்யெழுத்து பின்னே வரும். ஆகவே அச்சில் எட்டு எழுத்துகளாக இருக்கும் 'இராமநாதபுரம்' என்னும் சொல் பிரெய்லில் 12 கட்டங்களுக்கு நீள்கிறது. அதோடு 'மாவட்டம்' என்று சேர்த்தால், நடுவே ஓர் இடைவெளியும் சேர்ந்து 21. இருபது கட்டக் கருவியில் இந்த இரண்டு சொற்களும் ஒரே வரியில் நிற்காது. ஒரே ஒரு கட்டம் குறைவதால் இரண்டாம் சொல் முழுவதும் அடுத்த வரிக்குப் போய்விடும், முன்வரியில் எட்டுக் கட்டங்கள் வெறுமையாக நிற்கும். ஆங்கிலத்தைச் சுருக்கெழுத்து பிரெய்லில் வாசிக்கிறவருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனென்றால் அங்கே 'தி' என்னும் சொல் முழுவதும் ஒரே கட்டத்தில் அடங்கிவிடும். இருபது கட்டம் தாராளமாகப் போதும் என்று ஆங்கிலத்தில் எழுதப்படும் மதிப்புரைகளை அப்படியே நம்பித் தமிழ் வாசகர் முடிவெடுக்கக்கூடாது.

அதே சமயம் எல்லாருக்கும் நாற்பது கட்டம் வேண்டும் என்பதும் இல்லை. மீன் ஏலக் கணக்கு எழுதுகிற ஒருவரின் வரியைப் பாருங்கள்: 'சீலா 12 கிலோ 8400'. எண்களுக்கு முன் வைக்கும் எண்குறிகளும் இடைவெளிகளும் உட்பட இது 19 கட்டங்கள். இருபது கட்டக் கருவியில் ஒரு வரி, ஒரு பதிவு, விரல் நகர்த்தாமல் முழுக் கணக்கும் கைக்குக் கிடைக்கிறது. மதுரைக்காரர் பழக்கத்தில் அதே மீனை 'வஞ்சிரம்' என்று எழுதினால் 23 ஆகி வரி உடைந்துவிடும் என்பது வேறு கதை. கணக்கு, தொலைபேசி எண், மருந்து பெயர், பேருந்து நேரம், கூட்டத்தில் பேச வேண்டிய குறிப்பு என்று துண்டு துண்டாக எழுதுகிறவருக்கு இருபது போதும். பாடநூல், கதை, சட்டப் புத்தகம் என்று பக்கம் பக்கமாகத் தமிழ் வாசிக்கிறவருக்கு முப்பத்திரண்டோ நாற்பதோ இருந்தால் அடுத்த வரிக்கான பொத்தானை அழுத்தும் சலிப்பு பாதியாகக் குறையும். நாற்பது கட்டக் கருவி மடியில் அகலமாக உட்காரும் என்பதையும், பேருந்தின் மூன்று பேர் இருக்கையில் அதை விரித்துவைத்து எழுத முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

குரல் இருக்கும்போது பிரெய்ல் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். ஏலம் நடக்கும் இடத்தில் ஒருமுறை நின்று பார்த்தால் விளங்கும். ஏலம் கூறுகிறவரின் குரல், வண்டிச் சத்தம், காற்று எல்லாம் சேர்ந்து அடிக்கும் இடத்தில் ஃபோன் படிப்பது காதில் விழாது. காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டால் விலை கேட்காது. விரல் வாசித்துக்கொண்டிருக்க, காது ஏலத்திலேயே இருக்கும்.

தமிழைச் சோதிப்பது

விற்பனையாளர் கருவியைக் காட்டும்போது ஏதாவது ஒரு தமிழ்க் கதையைத் திறந்து, "பாருங்க சார், தமிழ் எவ்வளவு அழகா வருது" என்பார். அந்தக் கோப்பு பி.ஆர்.எஃப். வகையாக இருந்தால் அதில் நிரூபணம் ஒன்றும் இல்லை. பி.ஆர்.எஃப். என்பது ஏற்கெனவே பிரெய்லாக மாற்றிவைக்கப்பட்ட கோப்பு. தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாத கருவிகூட அதிலுள்ள புள்ளிகளை அப்படியே உயர்த்திக் காட்டிவிடும். கேட்க வேண்டியது வேறு. உங்கள் ஃபோனில் வந்திருக்கும் ஒரு வாட்ஸ்அப் செய்தியையோ, சாதாரண எழுத்துக் கோப்பாக உள்ள ஒரு தமிழ்ப் பத்தியையோ அந்தக் கருவியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போதுதான், அச்செழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் மொழிமாற்ற அட்டவணை வேலைக்கு வரும். 'லிப்லூயி' என்னும் கட்டற்ற மென்பொருளில் தமிழ் அட்டவணை உண்டு, கணினியில் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் அதைத்தான் பயன்படுத்துகிறது. உங்கள் கருவி தனியாக இயங்கும்போதும் தமிழ் அட்டவணை கிடைக்கிறதா, அல்லது கணினியோடு இணைந்தால் மட்டுமா என்பதைப் பிரித்துக் கேளுங்கள். வாசிப்பதற்கான அட்டவணையும் எழுதுவதற்கான அட்டவணையும் பல அமைப்புகளில் தனித்தனியாக இருக்கும்; ஒன்றில் தமிழ் இருந்து மற்றொன்றில் இல்லாமலும் போகலாம்.

எழுதுவதைச் சோதிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. 'மணி 9' என்று தட்டுங்கள். தமிழ் பிரெய்லில் 'ண' என்னும் எழுத்துக்கும் எண்குறிக்கும் ஒரே புள்ளிகள்: 3, 4, 5, 6. 'இ'கரத்துக்கும் 9 என்னும் எண்ணுக்கும் ஒரே புள்ளிகள்: 2, 4. ஆக, 'ணி'யும் '9'-உம் விரலுக்கு ஒன்றே. சொல்லின் நடுவே வந்தால் எழுத்து, தனித்து வந்தால் எண் என்று வாசிக்கிறவர் யோசிக்காமலே எடுத்துக்கொள்வார். கருவிக்கு அதைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சரியாகச் சொல்லிக் கொடுக்காத கருவியில் எழுதி ஃபோனுக்கு அனுப்பினால் 'ம9 9' என்று போய்ச் சேரலாம். 'ராணி', 'பணி', 'வேணி' போன்ற சொற்களையும் தட்டிப் பாருங்கள். பிறகு 'ழ', 'ள', 'ல' மூன்றும், 'ற', 'ர' இரண்டும், 'ன', 'ந', 'ண' மூன்றும் வரும்படி இரண்டு வரி எழுதி, பக்கத்தில் இருக்கும் கண் தெரிந்த ஒருவரை ஃபோன் திரையில் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் அரபியும் பிரெய்லில் வாசிக்க விரும்புகிறவர்கள் அரபி அட்டவணை உண்டா என்பதையும் இதே கையோடு பார்த்துவிடலாம். அச்சில் வலமிருந்து இடமாகப் போனாலும் அரபி பிரெய்ல் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது, ஆகவே திரையில் தனிச் சிக்கல் ஏதும் இல்லை.

உங்கள் குறிப்புகளை உங்களைத் தவிர வேறு யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தச் சோதனையின் முக்கியத்துவம் இருக்கிறது. நான் எழுதுவதை நான் மட்டுமே வாசிப்பேன் என்றால், மொழிமாற்றமே இல்லாத கருவியும் போதும். தட்டிய புள்ளிகளை அது அப்படியே சேமித்து அப்படியே திருப்பித் தரும், எந்த அட்டவணையின் பிழையும் இடையில் நுழையாது. கல்லூரியில் ஆசிரியரிடம் விடைத்தாள் கொடுக்க வேண்டும், சங்கத்துக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும், ஏலக் கணக்கைப் பங்காளிக்குக் காட்ட வேண்டும் என்றால் அந்தச் சேமிப்பு பயன்படாது. கண் தெரிந்தவர் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத்தான் அது தெரியும்.

ஃபோனோடு இணைவதையும் உங்கள் ஃபோனிலேயே பாருங்கள்; விற்பனையாளர் கொண்டுவரும் ஃபோனில் வேலை செய்வது போதாது. டாக்பேக் 13-ஆம் பதிப்பிலிருந்து, அதாவது 2022 முதல், பிரெய்ல் திரைகளுக்கான வசதி டாக்பேக்கின் உள்ளேயே வருகிறது, தனிச் செயலி தேவைப்படுவதில்லை. பிரெய்ல் திரைகளுக்கென எச்.ஐ.டி. என்னும் பொதுத்தரம் 2018-இல் வந்தது. ஆனால் கருவி அந்தத் தரத்தைப் பேசினாலும் ஃபோனும் பேச வேண்டும். ஆகவே பிளூடூத்தில் ஒருமுறை, கம்பியில் ஒருமுறை இணைத்து, அணைத்து, மறுபடியும் இணைத்துப் பார்ப்பது நல்லது. முதல்முறை இணைவது பெரிய காரியமில்லை, மறுநாள் காலையில் தானாக இணைகிறதா என்பதுதான் விஷயம்.

விரல் சொல்வது

கட்டங்களை இயக்கும் முறை எல்லாக் கருவிகளிலும் ஒன்றல்ல. விலை உயர்ந்தவற்றில் பெரும்பாலும் பீசோ மின்முறை இருக்கும்: மெல்லிய பீங்கான் பட்டையில் 200 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது சற்றே வளைந்து ஊசிமுனையைத் தூக்கும். ஒரு முனைக்கு ஒரு பட்டை. எட்டுப் புள்ளிக் கட்டம் இருபது என்றால் 160 பட்டைகள். விலை ஏன் இறங்குவதில்லை என்பதற்கு இதுவே காரணம். இந்த முறையில் வரி மாறுவது கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கும், சத்தமும் அதிகம் இருக்காது. ஆனால் விரலை அழுத்தினால் முனை சற்று அமுங்கிக்கொடுக்கும். ஆர்பிட் ரீடரில் முறை வேறு. முனைகள் எழுந்ததும் பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் இறங்காது. அதற்கு விலையாக, வரி மாற ஒரு கணம் கூடுதலாகப் பிடிக்கும், கடகடவென்று மெல்லிய ஒலியும் எழும். பிரெய்ல் மீ காந்த விசையால் இயங்குவது. அதன் கட்டங்கள் ஆறு புள்ளி கொண்டவை.

இந்த வேறுபாடு காகிதத்தில் சிறியதாகத் தெரியும். தங்கச்சிமடத்தில் கருவாட்டு வியாபாரம் செய்கிற ஓர் அக்காவுக்குக் கருவி தேர்ந்தெடுக்கக் கூடப் போயிருந்தேன். சிறுவயதில் விடுதிப் பள்ளியில் பிரெய்ல் படித்தவர். பல ஆண்டுகளாக உப்பும் கருவாடும் புழங்கியதில் அவருடைய விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. பீசோ கருவியில் வலது ஆள்காட்டி விரலை வைத்தார், ஒரு வரியை மூன்று முறை ஓட்டினார், இடது கைக்கு மாற்றினார். "அமுங்குது தம்பி, அமுங்குன ஒடனே எழுத்து மாறிப் போவுது" என்றார். காய்த்த விரல் உணர்வதற்காகக் கூடுதலாக அழுத்துகிறது, அழுத்தத்தில் முனை தாழ்கிறது, தாழ்ந்ததும் புள்ளி தொலைந்துபோகிறது. பக்கத்தில் இருந்த பூட்டும் வகைக் கருவியைத் தந்ததும் வரியின் முடிவு வரை நிற்காமல் போனார். "இது தாள்ல குத்துன மாதிரி நிக்கிது" என்பதோடு பேச்சு முடிந்தது. விலை குறைந்ததுதான் அவருக்குப் பொருந்தியது. ஆனால் அதே நாளில் அதே கருவியைத் தொட்ட ஒரு கல்லூரி மாணவிக்கு, வரி மாறக் காத்திருக்கும் அந்தக் கணம் பொறுக்கவில்லை; மெல்லிய விரலால் வேகமாக வாசித்துப் பழகியவர் அவர்.

எனவே அடுத்தவர் பரிந்துரையை வைத்து முடிவு செய்யாமல், குறைந்தது அரைமணி நேரம் தொடர்ந்து வாசித்துப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் இருக்கும். வலை பொத்துகிறவர், பாசி எடுக்கிறவர், சங்கு மெருகேற்றுகிறவர் வேலை முடிந்த அன்றே போய்ச் சோதிப்பது இன்னும் நல்லது, ஏனென்றால் அந்த விரலால்தான் நாளைக்கும் வாசிக்கப் போகிறார்கள். விசைகளையும் கவனியுங்கள். சிலேட்டும் ஊசியும் மட்டுமே பழகியவருக்கு முதல் வாரம் குழப்பமாக இருக்கும். சிலேட்டில் வலமிருந்து திருப்பிக் குத்துவோம், இங்கே வாசிக்கும் திசையிலேயே ஒரு கட்டத்துக்கு வேண்டிய புள்ளிகளை ஒருசேர அழுத்துகிறோம். அது பழகிவிடும். விசை ஆழமாக இறங்குகிறதா, அழுத்தியது விரலுக்குத் தெரிகிறதா, இரண்டு விசைகளைச் சற்று முன்பின்னாக அழுத்தினால் ஒரே எழுத்தாக எடுத்துக்கொள்கிறதா என்பன பழகி மாறுவதில்லை, அவற்றை வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே ஒரு சிறு பொத்தான் இருந்தால், எழுதியதில் பிழை உள்ள இடத்துக்கு ஒரே அழுத்தில் போய்விடலாம். ஆர்பிட் ரீடர் 20-இல் அது இல்லை. நிறைய எழுதித் திருத்துகிறவருக்கு இந்தக் குறை உறுத்தும்.

உப்பும் ஈரமும்

தயாரிப்பாளர்களின் கையேடுகள் குளிர்நாட்டுப் படிப்பறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பக்கத்தில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் வைத்த சைக்கிளே துருப்பிடிக்கிறது. ஊசிமுனை ஒவ்வொன்றும் ஒரு துளை வழியாக ஏறி இறங்குகிறது. அந்தத் துளை வழியே ஈரமும் உப்பும் நுண்மணலும் விரலின் எண்ணெயும் உள்ளே போகும். ஒரு முனை ஒட்டிக்கொண்டு எழாமல் போனால் 'க' என்பது 'அ' ஆகிவிடும். வாசிக்கிறவர் முதலில் தன் விரலைத்தான் சந்தேகிப்பார், கருவியை அல்ல.

கருவியைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முழுவதும் உலரத் துடைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடும், மீன் அள்ளிய கையோடும் தொடவே கூடாது. கட்டங்களின்மேல் எந்தத் திரவத்தையும் தெளிக்கக்கூடாது. கையைத் துடைக்கும் கிருமிநாசினியையும் கட்டங்களில் தடவ வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணியால் மேலாகத் துடைத்தால் போதும். இரவில் மூடியுள்ள ஒரு டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது இங்கே ஆடம்பரமில்லை. பொட்டலங்களை மாதம் ஒருமுறையாவது மாற்ற வேண்டும். பாம்பன் பாலத்தைத் தாண்டும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து மடியில் திறந்துவைக்க வேண்டாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் பத்து நிமிடமாவது உறைக்குள்ளேயே விட்டுவைத்தால், குளிர்ந்த பாகங்களின்மேல் ஈரம் படிவதைத் தவிர்க்கலாம்.

வாங்கும்போதே இதற்காகப் பார்க்க வேண்டியவை சில உண்டு. உறையைக் கழற்றாமலே விசைகளையும் கட்டங்களையும் பயன்படுத்த முடிகிறதா, கட்டங்களை மூட மூடி இருக்கிறதா, சார்ஜ் செய்யும் துளைக்கு அடைப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கடற்கரையில் முதலில் கெடுவது பெரும்பாலும் அந்தத் துளைதான். பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடிந்தால் மிகவும் நல்லது. மின்சாரம் நாள்கணக்கில் போகும் புயல் நாட்களில், ஃபோனுக்கு வைத்திருக்கும் பவர் பேங்கிலேயே இதுவும் ஏறுமா என்பதையும் கடையிலேயே செருகிப் பாருங்கள்.

பழுது, பணம், புத்தகம்

இராமநாதபுரத்தில் இந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர் இல்லை. மதுரைக்குப் போனாலும் பெரும்பாலும் கூரியர் சீட்டுதான் கிடைக்கும். அதனால் விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இவை: ஒரு கட்டம் மட்டும் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா, அதன் விலை என்ன, பழுதுபார்ப்பது இந்தியாவிலா வெளிநாட்டிலா, வெளிநாடு என்றால் சுங்கச் செலவு யாருடையது, அதுவரை மாற்றுக் கருவி தருவார்களா. வாயால் சொல்லும் உறுதியைக் கணக்கில் எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவரின் கருவி, நான்கு கட்டங்கள் நின்றுபோய், கடலைத் தாண்டிப் போய் வருவதற்குள் அவருடைய படிப்பாண்டே முடிந்துவிட்டது. "இங்கேயே சர்வீஸ் உண்டு" என்று விற்கும்போது சொன்னவர் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. இந்தியாவிலேயே தயாராகும் கருவிக்கும், இந்தியாவில் உதிரிபாகம் வைத்திருக்கும் முகவர் விற்கும் கருவிக்கும், நான் இந்த ஒரு காரணத்துக்காகவே கூடுதல் மதிப்புக் கொடுப்பேன், வசதிகள் இரண்டு குறைந்தாலும் பரவாயில்லை.

பணத்துக்கு முதல் வாசல் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இல்லாமல் எந்த உதவியும் நகராது என்பதால் அதை முதலில் எடுத்துவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் ஒன்றிய அரசின் அடிப் திட்டத்தில் உங்களுக்கு வேண்டிய கருவி பட்டியலில் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுப்பதானால், கருவியின் பெயரை மட்டும் எழுதாமல், எந்தப் படிப்புக்கு அல்லது எந்த வேலைக்கு அது எப்படித் தேவைப்படுகிறது என்று அரைப்பக்கம் எழுதி, விலைப்புள்ளியையும் இணையுங்கள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு வேறொரு வழி உண்டு: 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பணியிடத்தில் தக்க வசதி செய்து தரும் கடமையை அரசு நிறுவனங்களின்மேல் வைக்கிறது. வேலைக்குத் தேவையான கருவியைத் துறையே வாங்கித் தரும்படி அதைச் சுட்டி விண்ணப்பிக்கலாம்.

கருவி கைக்கு வந்த பிறகு வாசிக்க என்ன கிடைக்கும் என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் பார்வையற்றோர் உறுப்பினராகிப் புத்தகங்களை இறக்கிக்கொள்ளலாம். உங்கள் கருவி எந்த வகைக் கோப்புகளைத் திறக்கிறது என்பதற்கு, அங்கிருந்து ஒரு தமிழ்ப் புத்தகத்தை இறக்கி, நினைவக அட்டையில் போட்டு, கடைக்கே கொண்டுபோய்த் திறந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை வேறில்லை. மழைக்காலத்தில் சிக்னல் போய்விடும் ஊர்களில், இணையம் இல்லாமலே கருவிக்குள் இருந்து வாசிக்க முடிவது பெரிய வசதி.

வாங்கிய முதல் பதினைந்து நாட்களில் கருவியை அலமாரியில் வைத்துக் காக்காமல் அன்றாடம் பயன்படுத்துங்கள். பிறவிக் குறை இருந்தால் மாற்றிக் கேட்கக்கூடிய காலம் அதுதான். எல்லாக் கட்டங்களிலும் எல்லாப் புள்ளிகளும் எழுகின்றனவா என்று வாரம் ஒருமுறை ஒரு வரி முழுவதும் ஆறு புள்ளியையும் அழுத்தி நிரப்பித் தடவிப் பாருங்கள். ரசீதையும் வரிசை எண்ணையும் ஃபோனில் படமாக எடுத்துவைத்து, வீட்டில் வேறொருவர் ஃபோனுக்கும் அனுப்பிவிடுங்கள். கருவி வந்த அட்டைப்பெட்டியையும் அதன் உள்ளே இருந்த மெத்தைப் பொருளையும் தூக்கிப் போட வேண்டாம். பழுதுக்குக் கூரியரில் அனுப்பும்போது, வேறு பெட்டியில் போனதால்தான் உடைந்தது என்று யாரும் தட்டிக்கழிக்க இடமிருக்காது.